டவர் கிடைக்காத இடம்

என் அக்காவின் கணவருக்கு ஆபீஸ்களில் வைத்திருக்கும் பெயர் வனவாசி. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். வாரம் முழுக்க ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, விரலெல்லாம் கறுப்பு மையோடு வருவார். ஞாயிறு விடிந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு காட்டுக்குப் போய்விடுவார். இதில் அவருக்கு இருக்கிற பெருமையைப் பார்த்தால் காட்டை நட்டு வளர்த்ததே அவர்தான் என்று தோன்றும்.

"அங்கெல்லாம் டவரே கிடைக்காதுடா மாப்ளே" என்பார் என்னிடம். பட்டம் வாங்கிய மாதிரி சொல்வார்.

டவர் கிடைத்தால் அக்கா போன் செய்துவிடுவாளே! வீட்டில் அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைப் புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். எல்லாம் அக்காதான். பெரியவர் படுத்த நாளிலிருந்து அவள் மருந்துக்கடையைத் தாண்டிப் போனதில்லை. மாமா மாலையில் திரும்பி வந்து, பாறைமேல் கைகளை விரித்து நிற்கும் போட்டோவைப் போட்டு, 'இயற்கை அன்னை மடியில் ஒரு நாள்' என்று எழுதுவார். பெற்ற அப்பனின் ஈரத்துணி இருந்தது அக்கா மடியில். அதற்கு யார் போட்டோ எடுத்தார்கள்?

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒரே ஒரு ஞாயிறு.

"ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்."

"அப்பாவை யாரு பாத்துப்பா?"

"நான் பாத்துக்கறேன் மாமா" என்றேன்.

உடனே வழியில் ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் முளைத்தன. கால் வழுக்கும் என்றார். அவளுக்கு மூச்சு வாங்கும் என்றார். சரி, இடமாவது எங்கே என்று கேட்டாள். "சொன்னா நாலு பேரு வந்துருவாங்க. அப்புறம் இடமே கெட்டுப் போயிடும்" என்றார். வனவாசம் போனவர்கள்கூடப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். இவர் அதற்கும் மேலே.

இத்தனைக்கும் மாமாவுக்கு ஓட்டை வாய். மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிற கிளார்க்கிடம் போனை நீட்டி, மூடிப்போன கல்குவாரிக்குப் பின்னால் போகிற பாதை, அதன் முடிவில் இருக்கிற குளம், எந்தப் பக்கம் ஆழம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பார். அடுத்த ஆபீஸிலும் அதே ரகசியம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் குளத்தைச் சுற்றி பிஸ்கட் கவர் மிதக்கும். "சே, ஜனங்களுக்கு ரசனையே இல்ல" என்று காறித் துப்பிவிட்டு வேறு இடம் தேடப் போவார். கூட்டத்தை அழைத்து வந்தது தன் வாய்தான் என்று அவருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

ஒரு நாள் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்மணி அக்கா வீட்டுக்கு வந்தார். குளக்கரையில் மாமா விட்டுவிட்டு வந்த துண்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாராம்.

"சார் வழி சொல்லித்தான் நாங்க குடும்பத்தோட போனோம். என்னா தண்ணி! என் மாமியாரே பாறையைப் புடிச்சுக்கிட்டு இறங்கிக் குளிச்சாங்கன்னா பாத்துக்கங்களேன். நீங்க அடிக்கடி போவீங்களே, குடுத்து வச்சவங்க!"

அக்கா சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். துண்டை வாங்கி மடித்து வைத்தாள். அடுப்படியில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் டீ வடிகட்டியைத் தொட்டியில் விட்டெறிந்தேன்.

அடுத்த ஞாயிறு என்னைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தாள். நான் போனபோது மாமா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா மாற்றுப் புடவையை ஒரு துணிப்பையில் திணித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தன் போனை டிவி மேல் வைத்தாள்.

"போனை ஏன் வச்சிட்டுப் போற?" என்றார் மாமா. எங்கே போகிறாய் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான் போற இடத்துல டவர் கிடைக்காது" என்றாள். "உங்கப்பாவுக்குத் துணி மாத்தணும். தம்பி, நீ தூக்க மட்டும் கை குடு. வேற ஒண்ணும் செய்யாதே."

போயே போய்விட்டாள். வாசலில் மாமா ஒரு காலில் ஷூவோடு நின்றார்.

பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண்கள் போதவில்லை. உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிட்டார். மாமா போய்ப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்ளே, பெட்ஷீட்டெல்லாம் எங்கடா இருக்கு?"

"தேடிப் பாருங்க மாமா. யாருக்கும் தெரியாத இடத்தைக் கண்டுபிடிக்கறதுல நீங்க கெட்டிக்காரராச்சே."

சமையலறை, பீரோ, பரண் என்று எல்லா இடத்தையும் கலைத்தார். பெட்ஷீட்டுகள் அப்பாவின் கட்டிலுக்கு அடியிலேயே பெட்டியில் இருந்தன. அந்த அறைக்குள் நாலு நிமிடம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்கு மழையா? நீ போகலையா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மாமா குனிந்து பெட்டியை இழுத்தார். அதற்கும் நான் இரங்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் அக்கா வந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. புடவை ஓரமெல்லாம் மணல். பல வருஷத்துக்குப் பிறகு அவள் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தேன்.

"எங்க போயிட்டு வந்த?" என்றார் மாமா. குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"சொன்னா நாலு பேரு வந்துருவாங்க."

இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவள் போகிறாள். அந்த நாட்களில் மாமா வீட்டில் துணி அலசுகிறார், மனமில்லாமல்தான். அவள் எங்கே போகிறாள் என்று ஆபீஸ் ஆபீஸாக விசாரிக்கவும் செய்கிறார். ரகசியத்தை ஊருக்கெல்லாம் விற்ற மனுஷனுக்கு ஒருவரும் ரகசியம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், பஸ் ஏற்றிவிடுகிறவன் நான்தான். உங்களிடமும் சொல்ல மாட்டேன். அங்கே ஒரு ஆள் உட்காரத்தான் இடமிருக்கிறதாம்.