மனுவில் நான் சேர்த்த ஒரு வரி

எண்பதுகளின் தொடக்கத்தில், வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். சுற்று வட்டாரத்தில் யாருக்கு ஆங்கிலத்தில் மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கலெக்டரே பாராட்டிய கை என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு.

ஒருநாள் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தன் அக்காவுடன் வந்தார். பாகிஸ்தான் போரில் பக்கத்தில் குண்டு விழுந்து, தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டவர். அதற்குப் பிறகு வலிப்பு. பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை என்று ஊனமுற்றோர் பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அதை எதிர்த்து மேல்முறையீடு எழுத வேண்டும். கடைத்தெருவில் விழும்போதெல்லாம் ஆளாளுக்கு இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்களாம். "ஊர்ச் சாவி பூராம் எங்கிட்டதான் சார் இருக்கு, பென்ஷனத் தவிர" என்றார்.

நான் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் அக்கா பேச்சோடு பேச்சாக, கைக்குழந்தையாக இருக்கையில் காய்ச்சலில் அவருக்கு ஒரே ஒரு தடவை வலிப்பு மாதிரி இழுத்ததைச் சொன்னார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்து மனு என்றால் பிறந்தது முதல் பட்ட பாட்டையெல்லாம் சொல்லித்தான் தொடங்கும். படிப்பவர் மனம் இளக வேண்டும். 'குழந்தைப் பருவம் முதலே வலிப்பால் துன்புற்றும் தேசத்துக்காகப் போரிட்டேன்' என்று ஒரு வரி எழுதி, தமிழில் படித்தும் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. "அது வேணாம் சார். பச்சப்புள்ளையில வந்த காய்ச்சல் அது. பட்டாளத்துல ஒவ்வொரு வரியையும் பிடிச்சுக்கிருவாய்ங்க."

"நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். ராமநாதபுரத்தில் டைப் அடித்து நானே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். மனுதாரரே ஒப்புக்கொண்டபடி நோய் பணியில் சேர்வதற்கு முன்பே இருந்தது, ஆகவே மனு தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் இன்னொரு மேல்முறையீடு செய்யலாம் என்றும் அடியில் இருந்தது. அதற்கு, குழந்தையில் வந்தது ஒருநாள் காய்ச்சல் என்றும், மனு எழுதியவன் தானாகச் சேர்த்த வரி அது என்றும் நான் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். முதலில் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

"மறுபடியும் இல்லைன்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"வேற வழி ஏதும் போட்டிருக்கா சார்?"

"இல்லை" என்றேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. "சரி, உப்பளத்துக்கு வேலைக்குப் போறேன் சார். அங்கன ஆள் கேக்குறாய்ங்க" என்றார். தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தது எனக்குத் தெரியும். வலிப்பு விவரத்தோடு அதையும் நான்தான் மனுவில் எழுதியிருந்தேன்.

அடுத்த கோடையில் ஒரு காலை, உப்புப் பாத்தியில் குப்புற விழுந்து கிடந்தார். முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். மற்றவர்கள் வரப்பின் மறுகோடியில் இருந்தார்கள். வந்து தூக்கியபோது உயிர் இல்லை.

துக்கத்துக்குப் போனேன். அவர் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "என் தம்பிக்காக எழுதிக் குடுத்த ஒரே மனுசன் நீங்கதான் சார்" என்று அழுதார். அங்கிருந்தவர்கள் எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

அந்த அம்மாளும் காலமாகிவிட்டார். கேட்டிருக்க வேண்டிய இருவரும் போன பிறகுதான் எனக்கு இதைச் சொல்லத் துணிவு வந்திருக்கிறது என்பது, நான் எழுதிய அந்த வரியைவிட என்னை அதிகமாகக் கூச வைக்கிறது.