விற்பதற்காகக் குடியிருந்த வீடு

நான் இதுவரை எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், பிள்ளைகளுக்கு லீவு லெட்டரும்தான். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் மற்றவர்கள் படிப்பதற்கென்று எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு காலி வீட்டை விற்பதற்காக வாடகை சோபாவும் கட்டிலும் பூத்தொட்டிகளும் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல்தான் என்னை எழுத வைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பா கட்டிய வீடு ஒன்று இருந்தது. முன்னால் ஒரு பெரிய அறை, பக்கத்தில் ஒரு சின்ன அறை, அடுப்படி, பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீடு ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்தது. அண்ணன் மதுரையில் வேலையாகி அங்கேயே குடும்பத்தோடு இருந்தார். என்னைக் கட்டிக் கொடுத்தது திருச்சுழியில். வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணனும் மதினியும் முடிவு செய்தார்கள். அதற்கு என் கையெழுத்து வேண்டியிருந்தது. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், வீட்டைக் காலியாகக் காட்டியபோது விலை போகவில்லை. மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர் வௌவால் புழுக்கையை மிதித்துவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டாவது வந்த அம்மா பெரிய அறையில் நின்று இருமினார். அந்த இருமல் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும் முகம் மாறி, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மூன்றாவது ஆள், இவ்வளவு நாள் ஏன் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே யாராவது தூக்குப் போட்டுச் செத்தார்களா என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். எங்கள் அம்மா சர்க்கரை வியாதியில் பெரியாஸ்பத்திரியில் செத்தவள்.

அப்போதுதான் மதினிக்கு யோசனை வந்தது. மதுரையில் அவர் சொந்தக்காரர் ஒருவர் காலி வீட்டில் சாமான்களைப் போட்டு, ஆள் குடியிருப்பது போலக் காட்டி ஒரே வாரத்தில் விற்றாராம். அதே மாதிரி இங்கேயும் செய்ய வேண்டும். சாமான் மதுரையிலிருந்து வரும். குடியிருக்கிற ஆள் நான்.

கோடை லீவு ஒரு மாதம் நான் வந்து இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம், சுவரில் கை வைப்பார்கள் என்று மதினி சொன்னார். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு பையோடு பஸ் ஏறினேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் அப்படித்தான் போவாள்.

நான் வந்து இறங்கும்போது வீடு வேஷம் கட்டி முடித்திருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கூட்டுவதும் வெள்ளையடிப்பதும் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முகம் கழுவுவது போலத்தான். ஆனால் கரிசல் மண் இழுத்து, பெரிய அறைச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விட்டிருந்த வெடிப்பை மறைத்துப் பீரோவை நிறுத்தியிருந்தார்கள். பீரோவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஓடாத டி.வி. ஒன்றுக்குப் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு. அதில் படுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். கொடியில் மதினியின் பட்டுச் சேலை இரண்டு காயப் போட்டிருந்தது. அதை யாரும் துவைக்கவே இல்லை. தினமும் காலையில் நான் அதைக் கொடியில் போட்டு, சாயங்காலம் எடுத்து மடித்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமாக வந்தது தாளிப்புதான். தரகரின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து, எண்ணெய் காய வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டுத் தாளிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்குச் சமையல் வாசம் அடித்தால் மனசு நிறையும் என்பது மதினியின் கணக்கு. குழம்பு கிடையாது. தாளிப்பு மட்டும். வந்தவர்கள் போனதும் அந்தக் கருகல் வெங்காயத்தை நான் பழைய சோற்றில் போட்டுப் பிசைந்து தின்பேன். ஒரு மாதம் அதைத் தின்றேன். இப்போதும் சில நாள் கடுகு வெடிக்கும் சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். வீட்டின் பெரிய குறை கிணறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. பருப்பைப் போட்டால் மணிக்கணக்காகக் கொதித்தும் கல் மாதிரி கிடக்கும். முனிசிபல் குழாயில் தண்ணீர் விட்ட நாளில் பிடித்து வைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கிணற்றில் நல்ல ஊற்று இருந்தது. அதனால் எங்கள் கிணறும் நல்ல தண்ணீர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவார்கள். அண்ணன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். மானாவாரி நிலம் கொஞ்சத்தை விற்றுவிட்டு, இரண்டு மகள்களையும் டவுனில் படிக்க வைக்க வீடு தேடுகிறார்கள் என்று தரகர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தார். கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். நேராக அடுப்படிக்குள் வந்து, நான் கிண்டிக்கொண்டிருந்த சட்டியை எட்டிப் பார்த்தார்.

"தாளிச்சத எதுல கொட்டப் போறீக?"

ரசம் என்றேன்.

"ரசத்துக்கு இம்புட்டு வெங்காயமா? நல்ல ஊருதான்" என்று சிரித்துவிட்டுப் பின்னால் போனார்.

அவருக்கு அறைகள் முக்கியமில்லை. பீரோவின் பக்கமே போகவில்லை. கிணற்றைக் குனிந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "ஏழு வயசுல இடுப்புல ஏறுன கொடம்ணே. எம்மகளுகளுக்கு அது வேண்டாம். வீடு ஒழுகுனாலும் சரிக்கட்டிக்கிருவேன். தண்ணி நல்லாருக்கணும். அம்புட்டுத்தான்."

இறைத்துப் பார்க்கலாம் என்று வாளியைத் தேடினார். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று அண்ணன் கண் இமைக்காமல் சொன்னார். உண்மையில் வாளியும் கயிறும் சின்ன அறையில் சாக்குக்கு அடியில் இருந்தன. தரகர் இவர்களைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே மதினி அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பருப்புக் கொண்டு வருவதாகவும், இந்தத் தண்ணீரில் வேக வைத்துப் பார்த்துவிட்டு, வெந்தால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதுரையிலிருந்து மதினி வந்தார். காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து டிராக்டரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். கிணற்றின் மேல் ஒரு தகரத்தைப் போட்டு மூடினார்கள். தூர் வார ஆட்கள் வரப்போகிறார்கள், அதனால் இரவல் வாளியால் நேற்றே இறைத்துத் தொட்டியில் வைத்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார் மதினி. நான் தலையை ஆட்டினேன். வெளியூர்க்காரியை இப்படி ஏமாற்றுவது பாவம் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். முன் அறையில் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தட்டில் தயாராக இருந்தது. புருஷன் அண்ணனோடும் தரகரோடும் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் சேலை முந்தியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. தொட்டித் தண்ணீரைத் தானே மொண்டு, அலுமினியச் சட்டியில் ஊற்றி, ஸ்டவ்வின் பக்கத்திலேயே குத்த வைத்துக் காவல் காத்தார். மதினி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தான் இந்த வீட்டில் பத்து வருஷம் இருந்து சமைத்ததாகவும், மதுரைக்கு மாற்றலாகிப் போவதால்தான் விற்பதாகவும் பேசிக்கொண்டிருந்தார். மதினி அந்த அடுப்படியில் பத்து நாள்கூடச் சமைத்ததில்லை.

பருப்பு வெந்தது. அந்தப் பெண் இரண்டு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினார். மாவாக நசுங்கியது. அதுவரை முறைத்துக்கொண்டே இருந்த முகம் கொஞ்சம் இளகியது. எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, சாதாரணமாக என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவுக யாரு? போன தடவயும் அடுப்படியிலயே நின்னாக."

மதினி என் சாயம் போன சேலையை ஒரு தடவை பார்த்தார்.

"ஒத்தாசைக்கு வச்சிருக்கோம்" என்றார்.

நான் அந்த வீட்டுச் சின்ன அறையில் பிறந்தவள். மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம். அந்த அறைக்குத்தான் போனேன். சாக்கைத் தூக்கினேன். வாளியையும் கயிற்றையும் எடுத்து வந்து கிணற்றடியில், அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தேன்.

மதினி தூர் வார என்று ஏதோ ஆரம்பித்தார். அந்தப் பெண் கயிற்றைக் கையில் எடுத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உருவிப் பார்த்தார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. தகரத்தைத் தள்ளிவிட்டு வாளியை இறக்கினார். இறைத்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு முன் அறையைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னார்: "எந்திரிங்க, போவோம். கிணறு உப்பு."

புருஷன் எழுந்துவிட்டார். எனக்கு அந்தப் பெண் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன வாரமே இத எடுத்து வச்சிருக்கக் கூடாதாக்கும்? எட்டு நாளா எம்மகளுககிட்ட டவுனு வீடு, டவுனு வீடுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீயும் இவுக ஆளுதான்."

சற்று முன் 'இவுக யாரு' என்று கேட்ட வாயால் என்னை நீ என்று சொல்லிவிட்டுப் போனார். தரகரும் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டுக்குள் நடந்ததை முழுதாக எழுதப் போவதில்லை. மதினி, பட்டிக்காட்டில் வாக்கப்பட்டால் புத்தியும் அப்படித்தான் போகும் என்றார். என் புருஷனையும் இழுத்தார். அண்ணன் வெற்றிலைத் தட்டைக் காலால் தள்ளிவிட்டு, "கூடப் பொறந்தவ செய்யிற வேலையா இது?" என்று கேட்டார்.

"ஒத்தாசைக்கு இருக்கிறவகிட்டப் போயி அதக் கேக்குறீக" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். என் அண்ணனிடம் நான் எதிர்த்துச் சொன்னது அந்த ஒன்றுதான்.

அந்தப் பெண்ணுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. சொன்னால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் மதினி அன்றைக்கு 'இது என் நாத்தனா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த வாளி சாக்குக்கு அடியிலேயே கிடந்திருக்கும். இரண்டு பெண்பிள்ளைகள் உப்புக் கிணற்று வீட்டில் குடியேறி, மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருப்பார்கள். நான் திருச்சுழியில் சும்மா இருந்திருப்பேன். அந்தப் பெண் என்னைச் சொன்னது சரி. சரி என்பதாலேயே எனக்கு இன்றுவரை அவர்மேல் கோபம் போகவில்லை.

காலி வீட்டை விற்குமுன் சாமான் போட்டு அலங்காரம் செய்யலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். வௌவால் புழுக்கையைக் கூட்டுங்கள், வெள்ளை அடியுங்கள், அதோடு நிறுத்துங்கள். வீட்டுக்கு வேஷம் கட்ட ஆரம்பித்தால், அதற்குள் நிற்கிற மனுஷருக்கும் கட்ட வேண்டி வரும். யாருக்கு எந்த வேஷம் என்று சாமான் கொண்டுவருகிறவர்கள்தான் முடிவு செய்வார்கள். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

அன்றைக்கு அண்ணனும் மதினியும் கோபத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு, ஸ்டவ்வின் மேல் இருந்த பருப்பில் உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் வெந்திருந்தது.

மறுநாள் காலை அண்ணன் மட்டும் வந்தார். இரண்டு ஆட்களை வைத்து பீரோ, கட்டில், டி.வி. எல்லாவற்றையும் ஒரு வேனில் ஏற்றினார். சாவியைக் கேட்டார், கொடுத்தேன். பத்தரை மணி பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனேன்.