‘அடாப்ட்’ என்னும் சொல்லுக்கு அண்ணன் கொண்ட பொருள்

வெள்ளித் தம்ளரில் மஞ்சள் நீர் ஏந்திய ஒரு கை அண்ணனின் வாயருகே நீண்டதே என் நினைவில் முதலில் எழும் காட்சி. பிள்ளையில்லாத வீட்டுக்கு உறவுமுறை வீட்டுப் பிள்ளையை மகனாகக் கொடுப்பதை எங்களவர் ‘பிள்ளை கூட்டுதல்’ என்பர். சபை நடுவே அந்நீரைக் குடித்தபின் அவன் பெற்றவர்களுக்கு மகன் அல்லன். அறுபதுகளின் நடுவில், கணவரை இழந்து தனித்திருந்த கோட்டையூர்ப் பெரியாத்தாவுக்கு அண்ணனைக் கூட்டினார்கள். அவனுக்கோ அப்போதுதான் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. “பையனை ஒரு வார்த்தை கேட்டீகளா?” என்று யாரோ வினவ, “குடிச்சுட்டுச் சொல்லுவான், நேரம் போகுது” என்றார் ஒரு பங்காளி. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டுக் குடித்தான். பிறகு பந்தியில், பழக்கத்தால், “ஆத்தா, கொஞ்சம் மோர்” என்றான். எங்கள் தாய் குவளையோடு இரண்டடி வந்தவள் நின்றாள். குவளையைப் பெரியாத்தாவின் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. போவதா இருப்பதா என்று அவன் தவித்தான். பெரியாத்தா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் முதலாக வந்துகொண்டிருந்த தங்கை என்னிடம், “பிள்ளை கூட்டுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றாக?” என்று கேட்டான். அடாப்ட் என்றேன். அகராதியில் கண்ட சொற்பிறப்பையும் சொன்னேன். இலத்தீனில் ‘அட்’ என்பது நோக்கி என்னும் பொருளது. ‘ஒப்தாரே’ என்பது விரும்புதல், தேர்தல். தனக்கென்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுதலே முதற்பொருள். ஆப்ஷன் என்னும் சொல்லும் அவ்வேரில் கிளைத்ததே. உரோமர்களும் குடி அற்றுப்போகாதிருக்க வளர்ந்த ஆண்மக்களையே பெரும்பாலும் கூட்டிக்கொண்டனர். வழக்கத்தையும் தீர்மானத்தையும் மேற்கொள்வதற்கு அச்சொல் பிற்பாடுதான் விரிந்தது.

அண்ணன், “அப்படின்னா இத்தனை பேர்ல என்னையத்தான் வேணும்னு எடுத்திருக்காக. அவுகளை ஒத்தையில விட்டுட்டு நான் எங்குட்டுப் போறது?” என்றான். போகவில்லை. பகலில் புதுவயல் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்தான். மாலையில் திரும்பியதும் பெரியாத்தா வீட்டின் பெரிய கதவு உள்ளே தாழிடப்படும். “உனக்கென்ன அண்ணே, அரண்மனை!” என்று கேலி செய்தேன். “இங்க ஒரு எலி நுழைஞ்சாக்கூட வெளிய போக வழி தெரியாம நம்ம வீட்டுப் பிள்ளையாயிரும்” என்றான்.

எழுபதுகளின் இறுதியில், பெரியாத்தா நோயுற்றுக் கிடந்த ஒரு பகலில், துணைக்கு நான் மட்டும் இருந்தேன். அண்ணனின் அன்பைப் புகழ்ந்து, “நல்ல பிள்ளையாத்தான் தேடி எடுத்தீக” என்றேன்.

“நான் எங்க எடுத்தேன், ஆத்தா? எனக்கு யாரும் வேணாம், பொறந்த வீட்டுக்குப் போயி தங்கச்சியோட இருந்துக்கிறேன்னேன். பங்காளிக விட்டாகளா? கூட்டுன அன்னைக்குத்தான் அவன் மூஞ்சியவே நல்லாப் பாத்தேன். காலேசுக்குப் போயிருவான், நாமளும் கதவைப் பூட்டிட்டுக் கெளம்பிருவோம்னு பெட்டிகூடக் கட்டி வச்சிருந்தேன். அவன் போகலை.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்காகத்தான் இருக்கேன் ஆத்தான்னு வந்து நிக்கிறான். அவன்கிட்ட வேணாம்னு சொல்ல வாய் வருமா? நீயும் சொல்லிராத.”

பெரியாத்தா மறைந்து நெடுங்காலமாயிற்று. முதுமையடைந்த அண்ணன் இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறான். பெரியாத்தா தன்னையே விரும்பி எடுத்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்லுகிறான். நான் உடனிருந்தால், “இந்தா, இவளைக் கேளுங்க, பொய்யான்னு” என்பான். மெய்தான் என்று தலையசைக்கிறேன். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொள்கிறேன்.