மாமனார் அதட்டிய கேலக்சி

வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்குச் சின்ன வயதிலேயே 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வளர்ந்ததும் வேலையும் ரேடியோ தொலைநோக்கியிலேயே கிடைத்தது. மைதானம் மாதிரி அகன்ற உலோகக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி, தூரத்து கேலக்சிகளின் நடுவே இருக்கும் கருந்துளைகளைக் கவனிக்க வேண்டும்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு அது பிடிபடவேயில்லை.

"வெளிச்சத்தையே முழுங்குற கருந்துளையில எதைம்மா பாக்கறே?"

"துளையை இல்ல மாமா. உள்ளே விழப்போற வாயுவும் தூசியும் வாசல்ல நெருக்கியடிச்சு, சூடாகி, ஜொலிக்குது. அதுல கொஞ்சம் உள்ளே போகாமலே வெளியே பீச்சியடிக்குது."

"கூட்ட நேரத்து பஸ்ஸுன்னு சொல்லேன்!" என்றவர், மறுநாள் மதியமே தொலைநோக்கி நிலையத்துக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

திரையில் ஒரு கோடுதான் ஓடியது. கிண்ணம் கேலக்சியைக் கடக்கும்போது அந்தக் கோடு சின்ன மேடாக எழும்பும். மாமனாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இவ்வளவுதானா? ம்... போலாம், ரைட்!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உயர்ந்தது. வாயில் பிஸ்கட்டோடு நிலையத்தின் இயக்குநர் ஓடி வந்தார்.

"இந்த அலை அங்கேருந்து கிளம்பி கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு சார். மாமாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் ரேடியோ.

"எனக்குத் தெரியாதாம்மா? இருந்தாலும் அவரை நாளைக்கும் கூட்டிட்டு வா."

மாமனார் பெட்டியிலிருந்து பழைய யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டார். தினமும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். மேடோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

"படியில நிக்காதீங்க! உள்ளே போங்க!" என்று தொண்டை கட்டும்வரை கேலக்சியை அதட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. இயக்குநர் தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வீட்டுக்குப் போன மாமனார் யூனிஃபார்மைக் கழற்றி வைத்தார். சாப்பாட்டிலும் கை வைக்கவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து அந்த கேலக்சி கொழுந்துவிட்டு எரிந்தது. கோடு திரையைத் தாண்டி எகிறியது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"மாமனார்கிட்ட சொல்லிடாதே. பாவம், மனசு விட்டுடுவார்" என்றார் இயக்குநர்.

சரி சரி என்று தலையாட்டியவள், வீட்டுக்குள் கால் வைத்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமனார் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"அடிப் பைத்தியமே! நேத்து நான் போட்ட சத்தம் அவ்வளவு தூரம் போய்ச் சேர நேரம் ஆகாதா?"

விண்வெளியில் சத்தம் போகாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவரோ தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றார். ரேடியோ பேசாமல் சோற்றைப் போட்டாள்.