கோல்கீப்பருக்குப் பெண் கொடுக்கலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெக்சாஸில் சுகர் லேண்டிலிருந்து சான் அன்டோனியோ வரை மூன்று மணி நேரம் வேன் ஓட்டிக்கொண்டு போய் ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்தோம்.

ஸ்டேடியம், டிக்கெட் எதுவும் கிடையாது. ஒரு ஸ்கூலின் பின்பக்கம், வெள்ளைக்கோடு பாதி அழிந்துபோன மைதானம். ஒரு பக்கம் எங்கள் பங்குக் கோவில் பையன்கள் – வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், ஞாயிறு மட்டும் பந்து. எதிர்ப்பக்கம் கூரை போடும் வேலை செய்கிற மெக்ஸிகோக்காரப் பையன்கள். இந்த ஆட்டத்தையெல்லாம் ஆடுகிறவர்களின் மனைவிமாரே வந்து பார்ப்பதில்லை.

பிறகு நாங்கள் ஏன் போனோம்?

மாப்பிள்ளை பார்க்க.

ஞானப்பிரகாசம் அண்ணாச்சி எங்கள் பங்கில் மூத்தவர். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். ஒரே மகள் ரோஸ்லின், மருந்துக்கடையில் பார்மஸிஸ்ட். வரன் விஷயத்தில் அண்ணாச்சிக்கு ஒரே நிபந்தனைதான். “பையன் தெய்வ பயம் உள்ளவனா இருக்கணும் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம்.”

ஒருத்தன் காதில் கடுக்கன் போட்டிருந்தான். தள்ளிவிட்டார். இன்னொருத்தன் செபம் சொல்லி முடிப்பதற்குள் அப்பளத்தை உடைத்துவிட்டான். அவனும் போனான்.

ரோஸ்லினுக்கு அலுத்துவிட்டது. “அங்கிள், இதுதான் லாஸ்ட். இதுக்கு மேல யார் முன்னாடியும் காபி டிரேயோட வந்து நிக்க மாட்டேன்” என்று என்னிடமே சொல்லிவிட்டாள்.

நான்தான் மார்ட்டினைச் சொன்னேன். தூத்துக்குடிப் பையன். கம்ப்யூட்டரில் ஒய்டூகே வேலைக்காக அமெரிக்கா வந்தவன். பூசை முடிந்ததும் சொல்லாமலே நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் போவான். அண்ணாச்சி யோசித்தார். “வீட்டுக்குக் கூப்பிட்டா எல்லாப் பயலும் பவ்யமாத்தான் இருப்பான். அவனுக்குத் தெரியாமப் பாக்கணும். ஆட்டத்துலதான் குணம் தெரியும்.”

தெரியாமல் பார்க்கிற லட்சணத்தைக் கேளுங்கள். ரோஸ்லின், அவள் அம்மா, என் மனைவி – மூன்று பேரும் பட்டுப்புடவை. அண்ணாச்சி கோட் சூட். கூலர் நிறைய எலுமிச்சைச் சாதம். கொளுத்துகிற வெயிலில், மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்தோம்.

எங்கள் கேப்டன் ஆல்பர்ட் அங்கிருந்தே குரல் கொடுத்தான். “மார்ட்டின், இன்டர்வியூ பேனல் வந்தாச்சு. ஷூ லேஸை ஒழுங்கா கட்டுலே.”

கோல்கீப்பராக நின்ற மார்ட்டினின் காது சிவந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

“ஞாயித்துக்கிழமை ஆடுதானே, பூசை கண்டானா?” என்று அண்ணாச்சி என் காதைக் கடித்தார்.

“நேத்து சாயங்காலப் பூசைக்கே வந்துட்டான் அண்ணாச்சி.”

“நன்மை வாங்குனானா?” நற்கருணையைத்தான் கேட்டார்.

“வாங்குனான். உங்களுக்கு ரெண்டு ஆளு பின்னாலதான் நின்னான்.”

விசில் ஊதுமுன் மார்ட்டின் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டான். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. அதே நேரத்தில் எதிர்க்கோலில் மெக்ஸிகோ கீப்பரும் முழந்தாளிட்டு, கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்தான். செபமாலையைக் கையில் எடுத்த என் மனைவி லூர்து குழம்பிப்போனாள்.

“ஏங்க, மாதா இப்ப யார் பேச்சைக் கேப்பா?”

“டிரா பண்ணி விட்டுருவா. நீ சொல்லு.”

டிரா ஆனாலே எங்களுக்குப் போதும். ஃபைனலுக்குப் போய்விடலாம். மாதாவும் அப்படித்தான் நினைத்தாள் போல... கடைசி ஐந்து நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. மார்ட்டின் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். அண்ணாச்சி இரண்டு தடவை எழுந்து கை தட்டினார். ‘அடுத்த வாரம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு’ என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அது நடந்தது.

ஒரு மெக்ஸிகோப் பையன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து மேல்கட்டையில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, துள்ளி வெளியே வந்தது. மார்ட்டின் தாவிப் பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு ரெஃப்ரி, வயதானவர், பாதி மைதானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் எங்கே பார்த்தார்? ஆட்டத்தை நடத்தச் சொல்லிக் கையை வீசினார். அவர்கள் கோல் என்று கத்தினார்கள். எங்கள் ஆட்கள் இல்லை என்று கத்தினார்கள். அண்ணாச்சியும் டையைத் தளர்த்திவிட்டு, “நோ கோல், நோ கோல்” என்று கத்தினார்.

மார்ட்டின் பந்தைக் கீழே வைத்தான். கையைத் தூக்கினான்.

“சார், இட் வாஸ் இன்.”

அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று. எங்கள் சீசன் முடிந்தது. “நீ எந்த டீமுக்குலே ஆடுத?” என்று ஆல்பர்ட் அவன் கையுறையைப் பிடுங்கி எறிந்தான். மெக்ஸிகோ கீப்பர் மைதானம் முழுக்க ஓடி வந்து மார்ட்டினைக் கட்டிப்பிடித்தான். எலுமிச்சைச் சாதத்தை யாரும் தொடவில்லை.

வேனில் திரும்பினோம். ஃப்ரீவே ஏறி ஒரு மணி நேரம் கழித்து அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“பையன் கெட்டவன் இல்ல. ஆனா... ரெஃப்ரி கேட்டானா? கேக்கல. கேக்காததுக்கு எதுக்குப் பதில் சொல்லணும்? நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல போய் இப்படி உண்மையைச் சொன்னான்னா என்ன ஆகும்?”

“அங்க மறைக்கறதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

பின் சீட்டிலிருந்து ரோஸ்லின் சொன்னாள். “டாடி, பால் உள்ள போச்சு. ஐ சா இட்.”

“நானுந்தான் பாத்தேன். நீயும் நானும் பாத்து என்ன? ரெஃப்ரில்லா பாக்கணும்.”

தெய்வ பயம் உள்ளவர்களைத்தான் நாம் எல்லோரும் தேடுகிறோம். அப்படி ஒருவன் கிடைத்துவிட்டால், அவனைப் பார்த்து நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

இறங்கும்போது அண்ணாச்சி என் தோளில் கை போட்டார். “பொண்ணு மேல படிக்கணும்னு ஆசைப்படுதுன்னு அந்தப் பையன்ட்ட சொல்லிரு தம்பி. இது பொய் இல்ல. எல்லாரும் சொல்றதுதான்.” ரோஸ்லின் பக்கத்தில்தான் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

கோவிலில் நடந்த ஞானோபதேச வகுப்பைத் தவிர வேறெந்த வகுப்பிலும் நான் உருப்படியாகப் படித்ததில்லை. அதனால் பொய்ச்சாட்சி என்றால் எனக்குக் கொஞ்சம் உதறல். மறுநாள் மார்ட்டினுக்குப் போன் போட்டேன்.

“என்ன அங்கிள், நான் ஃபெயிலா?”

“ஃபெயில்தான் தம்பி. பொண்ணு மேல படிக்கப் போகுதுன்னு சொல்லச் சொன்னாரு. அது படிச்சு முடிச்சு வேலைக்குப் போய் மூணு வருஷமாச்சு.”

சிரித்தான். பிறகு மெதுவாக, “அவங்க என்ன சொன்னாங்க அங்கிள்?”

“பந்து உள்ள போச்சுன்னு சொல்லிச்சு.”

“அவங்க நம்பர் கிடைக்குமா?”

மருந்துக்கடை நம்பரைக் கொடுத்தேன். அதன்பிறகு எத்தனை தலைவலி மாத்திரை வாங்கினானோ, எனக்குத் தெரியாது. போன வாரம் ரோஸ்லின் தன் அப்பாவிடமே சொல்லிவிட்டாள்: “நீங்க கேட்ட மாதிரியே ஒரு பையன் டாடி. அவரைத்தான் கட்டிக்கப் போறேன்.” ஜனவரியில் ஊர்க் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கப் போகிறார்கள்.

அண்ணாச்சி என்னோடு பேசுவதில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லும்போது மட்டும் கை கொடுக்கிறார் – பங்குச் சாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார் அல்லவா?