கை கட்டி நடந்த நடை

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் வேறு ஆளாகிவிடுவார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு, தரைக்கு வலித்துவிடுமோ என்பதுபோல மெல்ல அடியெடுத்து வைப்பார். கோயில், பேங்க், ஆஸ்பத்திரி மூன்றும் அவருக்கு ஒன்றுதான். எனக்கோ அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அந்த மரியாதைதான் எங்களை இரண்டு மாதம் பாடாய்ப் படுத்தியது.

எரியோட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சம்பங்கியும் செண்டுமல்லியும் போடுகிறோம். விடியற்காலையில் பறித்த பூவை மூட்டை கட்டி, மொபெட்டில் வைத்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூப் பறிப்பதோடு சரி. போன வருஷம் ஒருநாள் வயலில் நிற்கும்போதே கண் இருட்டி விழுந்துவிட்டார். நெஞ்சுத் துடிப்பு மிகவும் குறைந்துவிட்டது என்று சொல்லி, இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

மயக்கம் நின்றது. ஆனால் மண்வெட்டியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. முதல் பரிசோதனைக்குப் போனபோது நான்தான் அதைச் சொன்னேன். அவரைக் கேட்டால் "நல்லா இருக்கேன் தாயி" என்று முடித்துவிடுவார். பேஸ்மேக்கரைச் சரிபார்க்கும் டெக்னீஷியன் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவர் நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஒடம்பு அசையறத வச்சுத் துடிப்பக் கூட்டுற வசதி இதுல இருக்கும்மா. இன்னும் அதப் போட்டு விடல, இப்பப் போட்டு விடறேன். ஐயா, இந்த வராண்டால நீங்க வழக்கமா நடக்கற மாதிரி நடந்துட்டு வாங்க" என்றாள்.

அவர் கை கட்டிக்கொண்டு நடந்தார். துடிப்பு ஏறவே இல்லை. அந்தப் பெண் அளவைக் கூட்டினாள், மறுபடி நடந்தார், இன்னும் கூட்டினாள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அவர் நடையே இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மட்டும் என் மரமண்டைக்கு ஏறவில்லை.

மறுநாள் பூவோடு கிளம்பியவர் மண்பாதையைத் தாண்டாமலே திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நெஞ்சு தெறிச்சு ஓடுது புள்ள. வண்டிய நிறுத்துனா செத்த நேரத்துல அடங்கிருது" என்றார்.

அடுத்த நாளும் அப்படியே. வரப்பில் வேகமாக நடந்தாலும் படபடப்பு வந்தது. பூ மூட்டையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேனில் ஏற்றிவிட ஆரம்பித்தோம். அவர் கட்டிலில் மொபெட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"வித்துரு" என்றார். "இனிமே என்னால ஆகாது."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மார்க்கெட்டுக்குப் போய், நாலு பேரிடம் பேசி, டீ குடித்துவிட்டு வந்தால்தான் அவருக்கு அந்த நாள் நாளாக இருக்கும். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"அந்தப் புள்ளைய எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? அது நல்லதுக்குத்தான வச்சு விட்டுச்சு" என்றார்.

அதற்கு நான் போட்ட சத்தத்தில் எழுந்து வந்து பஸ் ஏறினார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "தெனமும் ஓடுறீங்களா ஐயா?" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். மறுபடியும் வராண்டாவில் நடக்கச் சொன்னாள். துண்டு கக்கத்துக்குப் போனது. கைகள் மார்பில் ஏறின. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்தாம்மா, இது அவரு நடையே இல்ல" என்றேன். "இது ஆஸ்பத்திரிக்குன்னு வச்சிருக்க நடை."

"அன்னிக்கும் இப்படித்தான் நடந்தாரா?"

"அன்னிக்கும் இதேதான்."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "கைய வீசாம, கால ஊனாம நடந்தா ஆள் நடக்கறதே கருவிக்குத் தெரியாதும்மா. அது புரியாம, அசைவ உணர்ற அளவ நான் ஏத்திக்கிட்டே போயிருக்கேன். இப்ப வண்டி குலுங்குனாக்கூட அவரு ஓடறாருன்னு அது நெனச்சுக்குது."

நான் அவர் கக்கத்திலிருந்த துண்டை உருவித் தலையில் கட்டிவிட்டேன். வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டேன்.

"செண்டுமல்லிக்குள்ள ஆடு எறங்கிருச்சு. போய் வெரட்டுங்க" என்றேன்.

"ஏ புள்ள, சும்மா இரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அங்க ஆடு மேயுது."

நடந்தார். முதலில் கூச்சமாக, பிறகு கையை வீசி, செருப்பு சடசடக்க. வராண்டாக் கோடிக்குப் போனதும் அவரை அறியாமலே "ஏய், ச்சூ!" என்று ஒரு அதட்டல் போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மனுஷனைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பெண் அளவைக் குறைத்தாள். மறுபடி நடக்கவிட்டாள். மண்பாதை எவ்வளவு தூரம், மூட்டை எவ்வளவு கனம் என்று கேட்டுக் கேட்டு, துடிப்பு சட்டென்று எகிறாமல் மெல்ல ஏறும்படி மாற்றி வைத்தாள். நாலு நடைக்குப் பிறகுதான் அவளுக்குத் திருப்தி வந்தது.

மறுநாள் விடியலில் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். பூ மூட்டையை முன்னால் வைத்துவிட்டு நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கையைச் சுற்றிக் கொண்டுபோய் அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். மண்பாதை முழுக்க வண்டி எங்களைத் தூக்கிப் போட்டது.

தார் ரோட்டில் ஏறியதும், "என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"அது பாட்டுக்கு இருக்கு" என்றேன்.

"அப்பக் கைய எடு. ஊரு பாக்குது."

நான் எடுக்கவில்லை.