ஓடாத ஆடு

"ஷெர்காசி தொக்தோரோவ், வயது 61. விலங்குகளோடு நாற்பதாண்டு அனுபவம். உயிர்களிடம் இயல்பான கனிவு. இவர் கையில் எந்த விலங்கும் வேதனைப்பட்டதில்லை. வயது கருதி, கூரிய கருவிகள் தரக் கூடாது. உகந்த பணி: தீவனம் வைத்தல், பார்வையாளரை வரவேற்றல்."

இசிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கும் கிழட்டுக் குதிரைகள் காப்பகத்தில், தன்னார்வலர் பதிவேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது. எழுதியவள் ஐசிரெக். காப்பகத்தை நடத்தும் கால்நடை டாக்டர். தலைநகர் பிஷ்கெக்கில் பிறந்து, படித்து, இந்தப் பக்கம் வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் கேட்ட கேள்விகளுக்கு ஷெர்காசி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"எத்தனை ஆடு உங்க கையால பாத்திருப்பீங்க, பெரியப்பா?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும், டாக்டரம்மா. அதையெல்லாம் எண்ணக் கூடாது."

"உங்ககிட்ட முரண்டு பண்ணுமா?"

"ஒண்ணுகூடச் சத்தம் போட்டதில்லை."

அவற்றுக்குச் சத்தம் போட நேரம் இருந்திருக்காது. சுற்றியுள்ள பதினோரு கிராமங்களில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் ஆடு அறுக்க ஷெர்காசியைத்தான் கூப்பிடுவார்கள். அறுப்பதைவிட முக்கியம் பங்கு வைப்பது. வெந்த இறைச்சி பன்னிரண்டு பங்காக வேண்டும். தலை முக்கிய விருந்தாளிக்கு, இடுப்பெலும்பு வயதில் மூத்தவருக்கு, வாலடி மூத்த பெண்ணுக்கு. இப்படி ஒவ்வொரு எலும்புக்கும் ஓர் ஆள் உண்டு. வேறொருவர் பங்கு வைத்த ஒரு கல்யாணத்தில் தோள்பட்டை இடம் மாறிப் போய், சம்பந்திகள் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஷெர்காசி பங்கு வைத்த விருந்தில் அப்படி நடந்ததே இல்லை.

ஒரு வாரத்தில் ஐசிரெக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குள் பதிவேட்டின் பிரதி நன்கொடையாளர்களுக்குப் போய்விட்டது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அவருக்கு வைக்கோல் அள்ளும் இரும்பு முள்கரண்டி ஒன்றைக் கொடுத்தாள். கூரிய கருவிதான். ஆனால் வேறு கருவி இல்லை.

ஷெர்காசி அங்கே வந்தது கனிவினால் அல்ல என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவருடைய குதிரை தோருவுக்கு இருபத்து நான்கு வயது. பல் போய்விட்டது. மகன் அதைக் குதிரைத் தொத்திறைச்சி போடுகிறவருக்கு விலை பேசி முடித்திருந்தான். வண்டி வர வேண்டிய நாளன்று விடிந்ததும் ஷெர்காசி குதிரையை நடத்திக்கொண்டு காப்பகத்துக்கு வந்துவிட்டார். "முற்றத்துல இடைஞ்சலா நிக்குது" என்று காரணம் சொன்னார். குதிரையை விடுகிறவர் வாரம் இரண்டு நாள் வேலை செய்ய வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. செவ்வாயும் வெள்ளியும் என்று ஒத்துக்கொண்டார். திங்களும் வியாழனும்கூட அங்கேதான் இருந்தார்.

"பேரன் பொறந்தப்போகூட இத்தனை தடவை போய்ப் பாக்கலை நீ" என்றாள் மனைவி கலிபா.

"பேரனுக்குப் பல்லு மொளைக்கும். இதுக்கு யாராவது தவிட்டை ஊற வைக்க வேணாமா?"

அந்தச் செப்டம்பரில் காப்பகத்தின் நில அனுமதி முடிந்தது. மாகாணத்திலிருந்து ஒரு குழு வந்து, விலங்குகளை எண்ணி, விலங்குப் பதிவேட்டோடு சரிபார்த்து, இன்னும் ஐந்தாண்டு தரலாமா என்று முடிவு செய்யும். தராவிட்டால் நாற்பத்தாறு விலங்குகளும் வந்த வழியே திரும்ப வேண்டும். தொத்திறைச்சிக்காரர் அதற்குள் ஒருமுறை வேலியோரம் வந்து, தோருவின் விலாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

குழு வரும் வெள்ளிக்கிழமை காலை, ஊர்த் தலைவர் நல்ல மனதோடு ஒரு வெள்ளைச் செம்மறியைக் காப்பகத்துக்குள் ஓட்டிவிட்டு, கூடாரம் போடப் போய்விட்டார். விருந்தாளி வந்தால் ஆடு விழ வேண்டும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஐசிரெக்குக்கும் யாரும் சொல்லவில்லை. வாசலுக்குள் நுழைந்த விலங்கைப் பார்த்ததும் அவள் தன் வழக்கப்படி செய்தாள்: காதில் எண் வில்லை மாட்டி, பதிவேட்டில் நாற்பத்தேழாம் எண்ணாக ஏற்றி, 'பஞ்சு' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஷெர்காசி கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தபோது பஞ்சு காதில் மஞ்சள் வில்லையோடு தோருவின் தவிட்டைத் தின்றுகொண்டிருந்தது.

"டாக்டரம்மா, இது இன்னிக்கு மதியத்துக்கு."

"மதியத்துக்கு என்ன?"

ஷெர்காசி கத்தியைக் காட்டினார். ஐசிரெக் பதிவேட்டைக் காட்டினாள். அதில் அடித்தால் தெரியும், கிழித்தால் இன்னும் தெரியும். அறுத்தால் கணக்கில் ஒரு விலங்கு குறையும். உள்ளே வந்த விலங்கு சமையலறை வழியாக வெளியே போகாது என்பது அந்த இடத்தின் முதல் விதி. இன்று எண்ண வருகிறவர்கள் அதைத்தான் சரிபார்ப்பார்கள்.

தலைவர் ஓடி வந்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கே! குழுவுக்குப் பெரியவரு ஒஸ்மோனாலி ஐயாவே வர்றாரு. அறுபத்தெட்டு வயசு மனுஷன். அவருக்கு ஆடு அறுக்காம அனுப்பினோம்னு கரை முழுக்கப் பேசுவாங்க. கையெழுத்துப் போடுவாரா?"

"வேற ஆடு கொண்டு வாங்க."

"மந்தை இன்னும் மேல மலை மேய்ச்சல்ல இருக்கு. எறங்கப் பத்து நாள் ஆகும்."

"கடையில இறைச்சி..."

"கடை இறைச்சியா? அதுக்கு அவர் மூஞ்சியிலேயே கதவைச் சாத்திடலாம்!"

இரண்டு பேரும் ஷெர்காசியைப் பார்த்தார்கள். ஷெர்காசி தோருவைப் பார்த்தார். தோரு, வயதான குதிரைகள் பார்ப்பதுபோல, எதையும் பார்க்காமல் நின்றது. அவர் கத்தியைக் காலணிக்குள் செருகிக்கொண்டு, காப்பகத்துக்குப் பின்னாலிருந்த தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. ஒஸ்மோனாலி இறங்கினார். ஒரு காலை ஊன்றாமல் தாங்கித் தாங்கி நடந்தார். அந்தக் கால் செருப்பின் வார் கட்டியிருக்கவில்லை. ஊர்க்காரர்கள் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்கள். அடுத்து, அறுக்கப் போகும் ஆட்டை விருந்தாளி முன்னால் நிறுத்தி ஆசி வாங்க வேண்டும். தலைவர் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெர்காசி வந்தார். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய பூசணிக்காயை அணைத்துப் பிடித்திருந்தார். ஆட்டை நிறுத்த வேண்டிய இடத்தில், ஆட்டின் தலை இருக்க வேண்டிய பக்கம் காம்பு இருக்கும்படி, அதை வைத்தார்.

"ஐயா, ஆசி கொடுங்க. அறுக்கணும்."

குழுவிலிருந்த ஒருவர் இருமத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒஸ்மோனாலி பூசணியைச் சுற்றி ஒருமுறை நொண்டி நடந்தார். "எந்த மந்தை ஆடு இது?"

"நம்ம தோட்டத்துது, ஐயா. ஓடாது."

"கொழுப்பு இருக்கா?"

"தட்டிப் பாத்தேன். நல்லாத் தேறின ஆடு."

பெரியவர் ஷெர்காசியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினார். ஷெர்காசி நாற்பது ஆண்டுகளாக எந்த முகத்தோடு ஆட்டை நிறுத்தினாரோ அதே முகத்தோடு நின்றார். பெரியவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். கூடியிருந்த அத்தனை கைகளும் விரிந்தன. "வீடு நிறையட்டும். கால்நடை பெருகட்டும். ஆமீன்." எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

பூசணி கொப்பரையில் வெந்துகொண்டிருக்க, குழு விலங்குகளை எண்ணியது. நாற்பத்தேழு. பதிவேட்டிலும் நாற்பத்தேழு. பஞ்சுவின் வில்லையை ஒரு அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "புதுசா?" என்று கேட்டார். "இன்னிக்குத்தான் சேர்ந்துச்சு" என்றாள் ஐசிரெக். பஞ்சு அவருடைய கோப்புத் தாள்களைத் தின்னப் பார்த்தது.

விரிப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். ஷெர்காசி முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு பங்கு வைத்தார். காம்புத் துண்டு, அதாவது தலை, ஒஸ்மோனாலிக்கு. இடுப்பு ஊரில் மூத்த கிழவருக்கு. வாலடி மூத்த பெண்ணுக்கு. அந்த அம்மாள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வாலடியா, தோள்பட்டையாடா?"

"வாலடிதான், பெரியம்மா. வரி பாருங்க, உள்பக்கமா வளையுது."

"சரி சரி. நீ தப்பா வைக்க மாட்டே."

ஒஸ்மோனாலி வழக்கப்படி தலையிலிருந்து ஒரு காதை வெட்டினார். பூசணிக்குக் காது எங்கே என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதை இளையவரான ஜீப் டிரைவரிடம் நீட்டி, "இனிமேலாவது சொன்னதைக் கேளு" என்றார். பிறகு தன் துண்டு முழுவதையும், வெண்ணெய் வழிய வழிய, தோல் மட்டும் மிஞ்சும்படி தின்றார்.

கை கழுவ ஷெர்காசி தண்ணீர் ஊற்றியபோது பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசத்துல இது எட்டாவது ஊரு. ஏழு ஆடு தின்னாச்சு. என் காலைப் பாத்தியா? இறைச்சி தின்னாத்தான் இப்படி வீங்குது, விடுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம். எவன் விடறான்? வேணாம்னா வீட்டுக்காரனை அவமானப்படுத்தினதா ஆயிடும்."

"சொல்லியிருந்தா..."

"யார்கிட்ட சொல்றது? உன்னை மாதிரி ஆளுங்க கத்தியோட நிக்கறீங்க."

ஐந்தாண்டு அனுமதியில் அங்கேயே, விரிப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் வெண்ணெய் பட்டது. ஐசிரெக் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

ஷெர்காசி மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிறே பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் மூன்று ஆடு அறுத்தார். திங்கட்கிழமை தோருவுக்குத் தவிடு ஊற வைத்தார். ஒன்பதாம் பக்கத்தை மாற்றி எழுதலாமா என்று ஐசிரெக் கேட்டபோது, "இருக்கட்டும், யாருக்குத் தொந்தரவு" என்று சொல்லிவிட்டார். அதனால் பதிவேட்டில் இன்றும் அவர் கனிவானவர், கூரிய கருவிகள் தரக் கூடாதவர்.

செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை அன்று, ஷெர்காசி தன் கத்தியால் ஒரு பூசணிக்காயை அறுத்து, பன்னிரண்டு பங்காக்கி, ஒவ்வொன்றையும் அதற்கு உரியவர் முன்னால் வைத்தார்.